வளர்பருவம்: சொல் விளக்கம்

பயிருக்கும் கடல்வாழ் சிப்பிக்கும் பொதுவாக ‘குரோயிங் சீசன்’ என்று எழுதப்படும் தொடரைக் கொங்கு நாட்டில் வேளாண்மையோடு பழகியவர்கள் ‘பட்டம்’ என்றே பெயர்க்க விரும்புவார்கள். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையும் சோளமும் விதைத்த வழக்கம் அப்படி. ‘சீசன்’ என்ற சொல்லும் விதைப்பைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததே. ஆயினும் ஸ்காலப் எனப்படும் விசிறி வடிவச் சிப்பியின் வளர்ப்பில், பட்டம் என்பது இளம் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஜப்பானின் முட்சு விரிகுடாவில் வசந்த காலத்தில் வலைப்பைகளைக் கடலில் தொங்கவிட்டுக் குஞ்சு சேகரிக்கிறார்களே, அதுதான் அங்கே பட்டம்.

‘போகம்’ என்பதும் உதவாது. நுகர்வு, பயன் என்று பொருள்படும் வடமொழிச் சொல்லான அது அறுவடையைச் சுட்டுகிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலிருந்து 1982இல் சீனாவுக்குக் கொண்டுவரப்பட்ட வளைகுடா ஸ்காலப், வசந்தத்தில் பொரித்து அவ்வாண்டே குளிர் தொடங்கும்போது விற்பனை அளவை எட்டிவிடுகிறது. ஜப்பானிய ஸ்காலப்போ ஒரே அறுவடைக்குப் பல பருவங்களைக் கடக்க வேண்டும்.

ஆகவே ‘வளர்பருவம்’ என்ற வினைத்தொகையே சரியான சொல் என்பேன். நீரின் வெப்பமும் உணவாகும் நுண்பாசியும் ஒருசேர ஏற்றவையாக அமைந்து, உடலும் ஓடும் பெருகுகின்ற காலம் என்பது அதன் பொருள். ஈரோட்டுப் பக்கம் வைகாசியில் நட்ட மஞ்சள் தை, மாசி வரை மண்ணில் கிடந்தாலும் கிழங்கு பெருப்பது பிற்பகுதியில்தான். சிப்பியும் ஆண்டு முழுவதும் நீரில் இருந்தும் ஒரே சீராக வளர்வதில்லை. ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், விளிம்புக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் வளர்பருவத்தில் அகன்றும், குளிரில் நெருங்கி ஒரு பட்டையாகச் செறிந்தும் இருப்பதைக் காணலாம். இனப்பெருக்கத்துக்கு முந்தைய வாரங்களில் உடலின் சேமிப்பு இனப்பெருக்க உறுப்புகளுக்குச் செல்வதால், உணவு நிறைந்திருந்தும், விலைபோகும் தசை பெருப்பது தளரும்.

இதைக் ‘கோடை’ என்று சுருக்கிப் பெயர்ப்பது பெரும் பிழை. குளிர்நீரில் வாழும் ஜப்பானிய இனத்துக்கு நீர் ஏறத்தாழ 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே வளர்ச்சி மந்தமாகும். அதனாலேயே கோடையில் வலைகளை ஆழத்துக்கு இறக்குகிறார்கள். 2010ஆம் ஆண்டின் கடுங்கோடையில் முட்சு விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகள் பெருமளவில் மடிந்தன.