உங்கள் பார்சல் யாருடைய விமானத்தில் பறக்கிறது?

போன மாதம் கரூரிலிருந்து ஒரு தம்பி பேசினார். வீட்டு ஜவுளிக் குடும்பம். மூன்று வருடமாகக் குஷன், மேசை விரிப்பு எல்லாம் ஆன்லைனில் அமெரிக்காவுக்கு விற்கிறார். "அண்ணா, எந்தக் கூரியர்ல போட்டா கம்மியா வருமுங்க?" என்று கேட்டார். ரேட் சொல்லிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "இவங்க நாளைக்கு உங்க சரக்கை எடுக்க மாட்டேன்னு சொன்னா, வேற யாரு எடுப்பாங்க?" அவரிடம் பதில் இல்லை. மீனம்பாக்கத்தில் பதினெட்டு வருடமாக ஏர் கார்கோ ஃபார்வர்டிங் செய்கிறேன், அதாவது மற்றவர்களின் சரக்குக்கு விமானத்தில் இடம் பிடித்து அனுப்பும் தொழில். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளை எண்ணிவிடலாம்.

இப்படி ஒரு கேள்வி ஏன் எழுகிறது என்று புரிய, அமெரிக்காவில் கடைக்காரருக்கும் பார்சல்காரருக்கும் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2013 கிறிஸ்துமஸ். கடைசி நேரத்தில் ஆன்லைன் ஆர்டர்கள் குவிந்தன. பார்சல் நிறுவனமான யு.பி.எஸ்ஸின் விமானங்களும் பிரிப்பு மையங்களும் திணறின. பண்டிகைக்குள் போக வேண்டிய பார்சல்கள் பண்டிகை முடிந்து போய்ச் சேர்ந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு அமேசான் 20 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. வாடிக்கையாளர் திட்டியது பார்சல்காரரை அல்ல, கடையைத்தான். அடுத்த சில ஆண்டுகளில் அமேசான் தனக்கென்று விமானங்களைத் திரட்டத் தொடங்கியது.

தொடங்கிய இடம் ஒஹாயோவின் வில்மிங்டன். அங்கேதான் ஒரு காலத்தில் கூரியர் நிறுவனமான டி.எச்.எல்லின் அமெரிக்க உள்நாட்டு மையம் இருந்தது. 2008 நவம்பரில் அந்தச் சேவையை நிறுத்துவதாக டி.எச்.எல் அறிவித்தது, ஊரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஓடுதளமும் பிரிப்புக் கூடமும் அனுபவமுள்ள ஆட்களும் அப்படியே இருந்த அந்த ஊரில்தான் 2015இல் அமேசான் வெள்ளோட்டம் பார்த்தது. 2016இல் இரண்டு நிறுவனங்களிடமிருந்து தலா 20 போயிங் 767 சரக்கு விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. சின்சினாட்டி விமான நிலையத்தில் 150 கோடி டாலர் செலவில் அது அமைத்த மையம் 2021இல் திறந்தது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அன்றும் இன்றும் பார்சல் நிறுவனங்களான ஃபெடெக்ஸ், யு.பி.எஸ் இரண்டின் விமானப் படைகளே பெரியவை. ஆனால் இந்தப் போட்டியை விமான எண்ணிக்கையால் அளந்தால் தப்புக் கணக்காகிவிடும். ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல் 17 அன்று மெம்ஃபிஸிலிருந்து 14 சிறு விமானங்களோடு தொடங்கியது. முதல் இரவில் 25 ஊர்களுக்கு 186 பார்சல்கள். அந்த முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மாலையில் யார் என்ன கொண்டு வருவார்கள் என்று தெரியாது. வந்ததையெல்லாம் இரவோடு இரவாக ஒரே இடத்தில் குவித்து, பிரித்து, விடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் விமானம் பறந்தே ஆக வேண்டும்.

கடைக்காரருக்கு இந்தக் கண்கட்டு இல்லை. எந்த ஊரில் எது விற்கும் என்று அவரிடம் கணக்கு இருக்கிறது. ஆர்டர் வருவதற்கு முன்பே பொருளை அந்த ஊருக்குப் பக்கத்துக் கிடங்கில் வைத்துவிடலாம். அவருடைய விமானம் பகலிலும் பறக்கலாம். தன் கிடங்குக்கும் தன் கிடங்குக்கும் நடுவே பறந்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். எளிதான, பெட்டி பெட்டியாய்ச் சேரும் சரக்கு அவரிடமே தங்கிவிடுகிறது. தொலைவில் கிடக்கும் வீடு, தூக்க முடியாத பெட்டி, எதிர்பாராமல் வந்த ஆர்டர் ஆகியவைதான் பார்சல்காரருக்கு மிஞ்சுகின்றன. போட்டியின் உயிர்நாடி தகவல்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

சீனாவில் இது வெட்டவெளிச்சமாகவே நடந்தது. 2017 ஜூன் 1 அன்று, அலிபாபாவின் தளவாடப் பிரிவான சாய்னியாவுக்கும் கூரியர் நிறுவனமான எஸ்.எஃப் எக்ஸ்பிரஸுக்கும் இடையே தகவல் பரிமாற்றம் நின்றது. பார்சல் லாக்கர் விவரங்களை யார் யாருக்குத் தருவது என்பதில் தகராறு. விற்பவர் பொருளை அனுப்பிவிட்டார், ஆனால் அது எங்கே போகிறது என்று தளத்தில் தெரியவில்லை. அரசின் அஞ்சல் துறை தலையிட்ட பிறகு ஜூன் 3ஆம் தேதி சரியானது. மூன்றே நாள்தான். ஆனால் அந்த மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டியிருந்தது சண்டையில் சம்பந்தமே இல்லாத கடைக்காரர்கள்.

அமெரிக்காவில் 2019இல் வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. அந்த ஆண்டு ஜூனில் ஃபெடெக்ஸ், அமேசானுக்கான விமான எக்ஸ்பிரஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றது. ஆகஸ்டில் தரைவழி ஒப்பந்தத்தையும் விட்டது. முந்தைய ஆண்டு ஃபெடெக்ஸின் வருமானத்தில் அமேசானின் பங்கு 1.3 சதவீதம்தான், அதனால் பிரிய முடிந்தது. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தபோது, தன் தளத்தில் விற்கும் மூன்றாம் நபர் வியாபாரிகள் பிரைம் (விரைவு டெலிவரி) ஆர்டர்களுக்கு ஃபெடெக்ஸின் தரைவழிச் சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. டெலிவரித் தரம் குறைந்துவிட்டது என்பது அது சொன்ன காரணம். ஜனவரியில் தடை நீங்கியது. யார் சொன்னது நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த வாரம் லேபிள் ஒட்டித் தயாராக வைத்திருந்த வியாபாரியை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் அது ஒரு வரிச் செய்தி. அவருக்கோ வருடத்தின் மொத்த லாபமும் அந்தச் சில நாட்களில்தான் இருந்தது.

2025 ஜனவரியில் யு.பி.எஸ், அமேசானிடமிருந்து எடுக்கும் சரக்கை 2026இன் இரண்டாம் பாதிக்குள் பாதிக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அமேசானிடமிருந்து வந்துகொண்டிருந்தது. ஆனால் வருமான அளவுக்கு லாபம் இல்லை என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் ஃபெடெக்ஸ் திரும்பி வந்து, பெரிய பெட்டிகளைக் கொண்டுசேர்க்க அமேசானோடு புது ஒப்பந்தம் போட்டது. ஆறு வருடத்தில் பிரிவும் கூடலும் நடந்துவிட்டன. பெரியவர்கள் தங்களுக்கு லாபம் எங்கே என்று பார்த்து நகர்கிறார்கள், அது அவர்கள் தொழில். நம் பார்சல் அந்த நகர்வுக்கு நடுவில் இருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் நாட்டிலும் கடைக்காரர் தனக்கென்று விமானம் பிடிப்பது தொடங்கிவிட்டது. பார்சல்காரர் பக்கத்தில், சென்னையைத் தளமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் சொந்தச் சரக்கு விமானங்களை இயக்குகிறது. கடைக்காரர் பக்கத்தில், 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில் அமேசான் ஏர் தொடங்கியது. அப்போது அதற்கு விமானத்தை ஓட்டியது குவிக்ஜெட் என்ற சரக்கு விமான நிறுவனம்.

எனக்கே ஒரு முறை சூடு பட்டது. தீபாவளி முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் சரக்கு அனுப்பும் நேரம். ஒரு விமான நிறுவனத்தில் இடம் உறுதி என்றார்கள், பெயர் வேண்டாம். நான்கு நாள் தொடர்ந்து எங்கள் பெட்டிகள் ஆஃப்லோட் ஆயின, அதாவது விமானத்தில் ஏற்றாமல் விடப்பட்டன. பெரிய ஆன்லைன் கடை ஒன்று மாதக்கணக்கில் முன்பே மொத்தமாக இடம் வாங்கி வைத்திருந்தது. அதன் சரக்கு அதிகமானதும் எங்களுடையது இறங்கியது. என் வாடிக்கையாளர் தன் பக்கத்தில் போட்டிருந்த டெலிவரி தேதி தவறியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ரேட்டிங் விழுந்து, தேடலில் அவர் பொருள் எங்கோ அடியில் போனது. மாற்று விமானத்தில் நான் இடம் பேசி வைத்திருக்கவில்லை. அது என் தவறு, இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே நிறுவனத்தை நம்பி எந்தச் சரக்கையும் எடுப்பதில்லை.

கரூர் தம்பியிடம் பெட்டி அளவைக் கேட்டேன். 60க்கு 50க்கு 40 செ.மீ., எடை 9 கிலோ. எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் பொதுவாகக் கன அளவை 5,000ஆல் வகுத்து, வரும் எண், உண்மை எடை இரண்டில் எது அதிகமோ அத்தனை கிலோவுக்கு வசூலிக்கும். 1,20,000ஐ வகுத்தால் 24. அவர் 9 கிலோ பஞ்சை அனுப்பி 24 கிலோவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார், அதில் 15 கிலோ வெறும் காற்று. விமானத்தில் எடை தீர்வதற்கு முன் இடம் தீர்ந்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. வாக்யூம் பேக் செய்து உயரத்தை 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 கிலோதான் வரும்.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்று உண்டு. காஞ்சிபுரம் பட்டு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு விமானச் சரக்கு தொலைந்தால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. 2 கிலோ பட்டுச் சேலைக்கு 52 எஸ்.டி.ஆர், ஏறத்தாழ 70 டாலர். சேலையின் விலை ஒரு லட்சமாக இருந்தாலும் அவ்வளவுதான். வசூலிக்கும்போது கன அளவு, இழப்பீடு தரும்போது எடை. மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால், அல்லது தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் மட்டுமே முழுத்தொகை.

அந்தத் தம்பி இப்போது இரண்டு நிறுவனங்களில் கணக்கு திறந்திருக்கிறார். அடுத்த லாட் 40 பெட்டி. 25 ஒன்றில், 15 இன்னொன்றில். மொத்தமாக ஒருவரிடம் போட்டால் கிடைக்கும் தள்ளுபடி குறைகிறது. அவருடைய அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். வாங்குகிறவர்களின் பெயர், முகவரி முழுதும் விற்பனைத் தளத்திடமே இருப்பதால், சொந்தமாக ஒரு சின்ன இணையக் கடையும் தொடங்கப் போகிறாராம். நேற்றுக் கேட்டார்: "அதுல வர்ற ஆர்டருக்கு எந்த ஃப்ளைட்டு, எத்தனை மணிக்கு கட்-ஆஃப்னு நீங்களே சொல்லிடுவீங்களாங்கண்ணா?" இரண்டு விமானங்களின் நேரத்தையும் அனுப்பி வைத்தேன்.