அடிபம்பு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை

வடக்கு உகாண்டாவில் ஒரு கிராமம். வெளிநாட்டு உதவியில் போட்ட அடிபம்பைப் பார்க்கப் போயிருந்தேன். சிமெண்ட் மேடையில் கொடுத்தவர்கள் பெயர் பளிச்சென்று இருந்தது. கை ஓயும்வரை அடித்தபிறகே தண்ணீர் வந்தது, அதுவும் செம்மண் நிறத்தில், துரு வாடையோடு. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய ஓடைக்கே போக ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தப் பம்பை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தியா மார்க் 2 அது. அதற்குமுன் இந்தியாவில் இருந்தவை மேலைநாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்கென்று செய்த பம்புகளின் நகல்கள். ஊரே அடித்தால் தாங்குமா? மார்க் 2 தாங்கியது. அப்புறம் ஆப்பிரிக்காவுக்கும் போனது. உகாண்டாவில் அதற்கு யூ 2 என்று பெயர்.

குறை பம்பில் இல்லை, பராமரிப்பிலும் குழாயைத் தேர்ந்தெடுத்ததிலும்தான். கீழே தண்ணீருக்குள் இருக்கும் சிலிண்டரின் வாஷர் தேய்ந்தால், மார்க் 2-இல் மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு நாலைந்து பேர், கருவிகள், பழகிய மெக்கானிக் எல்லாம் வேண்டும். பின்னால் வந்த மார்க் 3-இல் குழாய் அகலம், பிஸ்டனை மட்டும் உருவிவிடலாம். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சீக்கிரம் அரித்துவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பி.வி.சி.யோதான் போட வேண்டும். நான் பார்த்த பம்பில் இருந்தது ஜி.ஐ.

சஹாராவுக்குத் தெற்கே மூன்றில் ஒரு பம்பு வேலை செய்யவில்லை என்று 2009 வாக்கில் கணக்கிட்டார்கள். உதவி பெறும் நாடே திட்டத்தை வழிநடத்த வேண்டும், கொடுப்பவர்கள் அதன் ஏற்பாடுகளோடு இணைந்து போக வேண்டும் என்று 2005 பாரிஸ் பிரகடனத்தில் ஒப்புக்கொண்டவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் நான் வேலை பார்த்த திட்டங்களில் அறிக்கை கேட்டது ஒன்றைத்தான்: எத்தனை கிணறு போட்டீர்கள்? ஐந்தாம் வருஷம் எத்தனை ஓடுகிறது என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. ஆள் வைத்துப் பார்க்கக் காசும் ஒதுக்குவதில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆப்பிரிக்காவில் கிணறு வெட்ட நன்கொடை கேட்டு உங்களுக்கும் செய்தி வரும். கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீரின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, பார்த்தார்களா, என்ன குழாய்? அந்த மாவட்டத்தில் எல்லோரும் போடும் பம்புதானா? வாஷர் எந்தக் கடையில் கிடைக்கும், மெக்கானிக்குக் கூலி யார் தருவார்கள்? மூன்று வருஷத்துக்கு முன் போட்ட கிணறு ஒன்றின் இன்றைய நிலையையும் கேளுங்கள். பதிலுக்குத் திறப்புவிழாப் படம் மட்டும் வந்தால், பணத்தை அனுப்பாமல் மறுபடியும் கேளுங்கள்.