மேக்ரோ: அண்மைப்படம்

ஆனிச் சாரலில் குற்றாலத்துப் பக்கம் மட்கிய மரங்களில் தலைகாட்டும் காளான், ஐப்பசி மழை பிடித்ததும் சமவெளிக்கு இறங்கிவிடும். குளத்துக்கரை, பனையடி, கரையான் புற்று என்று எங்கள் திருநெல்வேலிச் சீமையில் படம் எடுக்கிறவர்கள் அதன் பின்னாலேயே அலைவோம். அப்போது வாயில் அதிகம் புழங்கும் சொல் 'மேக்ரோ', அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் போய் எடுக்கிற படம்.

கிரேக்கத்தில் மாக்ரோஸ் என்றால் நீளம். தமிழை ரோமன் எழுத்தில் எழுதும்போது நெடிலின் தலையில் போடுகிற கோட்டுக்கு மேக்ரான் என்ற பெயர் வந்ததும் அங்கிருந்துதான். பெரியது என்ற பொருள் அப்புறம் ஏறிக்கொண்டது. சரி, விரல்நுனி அளவுக் காளானை எடுத்த படத்துக்குப் பெரியது என்ற பெயர் எதற்கு? நுண்ணோக்கி வழியே எடுத்த படங்களுக்கு மைக்ரோ என்ற அடைமொழி ஏற்கெனவே இருந்தது. 10 மடங்குக்கும் குறைவாகப் பெருக்கிய படங்களை அவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல, 1899இல் வால்ம்ஸ்லி என்பவர் மேக்ரோவைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இது பெரிது. நிக்கான் நிறுவனம் இதே வேலைக்கான லென்ஸை மைக்ரோ என்றே விற்கிறது.

கறாராகச் சொன்னால் மேக்ரோ என்பது 1:1. 2 சென்டிமீட்டர் காளான் கேமராவின் உணரியிலும் (சென்சார்) 2 சென்டிமீட்டராகவே விழவேண்டும். அந்த நெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக வரும். குடை விளிம்பில் தொங்கும் மழைத்துளியைப் பிடித்தால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் செவுள் மங்கிவிடும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பேருருப் படம்' என்று வரும். எனக்கு ஒப்பவில்லை, கேட்டதும் வண்ணாரப்பேட்டை முக்கில் நிற்கும் கட்அவுட்தான் நினைவுக்கு வருகிறது. 'நுண்படம்' நுண்ணோக்கிக்கே இருக்கட்டும். நான் எழுதுவது அண்மைப்படம். இவன், இது என்பவை அண்மைச்சுட்டு; அவன், அது என்பவை சேய்மைச்சுட்டு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதனால் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. குளத்துக்கரையில் ஆடு மேய்க்கிறவர் என்னிடம் கேட்டதும் இதே கணக்கில்தான்: "அண்ணாச்சி, இம்புட்டுக் கிட்டத்துல போயி என்னத்த எடுக்கிய?" அளவு அவர் கண்ணில் படவே இல்லை, தூரம்தான் பட்டது.

சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறிய அடுக்களை வருகிறது. பழஞ்சுவரைக் கரையான் அரித்துக் கொட்டிய புழுதியில் 'பூழி பூத்த புழற் காளாம்பி' நிற்கிறது. காளாம்பி என்பது நம் காளான். புழல் என்றால் உள்துளை. குனிந்து கிட்டத்தில் பார்த்த கண்ணுக்குத்தான் அந்த அடைமொழி கிடைத்திருக்கும். புற்றுக்காளானை அண்மைப்படம் எடுக்கிறவர்கள் குடையோடு நின்றுவிடாமல், தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன் வேர் போன்ற அடிப்பகுதி, கீழே கரையான்கள் வளர்க்கும் பூசணத் தோட்டம்வரை போகிறது.