வெர்டைகோ ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல

"டொக்டர், எனக்கு வெர்டைகோ வருத்தம். கனகாலமாக் குளிசை போடுறன்." யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு கிழமை போவதில்லை. அண்மையில் வந்த அம்மா ஒருவருக்குக் கை நடுக்கம், நடை சுருங்கிவிட்டது. பார்க்கின்சன் என்று வீட்டார் பயந்துபோய் இருந்தார்கள். பையைத் திறந்தால் தலைச்சுத்துக்குக் குடுக்கும் குளிசைகளான புரோகுளோர்பெரசினும் சினாரிசினும். எப்போதோ எழுதிய பழைய துண்டைக் காட்டி மாதாமாதம் பார்மசியில் வாங்கியிருக்கிறார். இவ்விரண்டையும் நீண்டகாலம் எடுத்தால், முக்கியமாக வயதானவர்களுக்கு, இப்படியான நடுக்கம் வரலாம்.

வெர்டைகோ லத்தீன் சொல். 'வெர்தெரே' என்றால் திரும்புதல், திருப்புதல். அதிலிருந்து சுழற்சிக்கு வந்த பெயர் இது. நீங்கள் "சுத்துது" என்றதையே வைத்தியர் லத்தீனில் எழுதியிருக்கிறார். அது அறிகுறி, உங்களுக்கு அது ஏன் வந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. காய்ச்சல் என்று எழுதினால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று விடாமல் கேட்கிறீர்கள். வெர்டைகோ என்று எழுதியதும் ஏன் கேள்வி நின்றுபோகிறது?

எங்கள் பக்கத்தில் 'தலைச்சுத்து' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அறை சுழல்வதும் அதுதான், எழும்பும்போது கண் இருட்டுவதும் அதுதான், நடக்கும்போது கால் தள்ளாடுவதும் அதுதான். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. என்ன செய்யும்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லுங்கோ. ஸ்கானை விட அது எங்களுக்கு உதவும்.

கட்டிலில் புரளும்போது, படுக்கப் போகும்போது, மாங்காய் பறிக்க அண்ணாந்து பார்க்கும்போது திடீரென்று சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா? பெரும்பாலும் அது காதுக்குள் இருக்கும் கல்சியம் துகள்களின் வேலை. இருக்கவேண்டிய இடத்தில் இருந்து கழன்று, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை அடித்து எழும்புபவருக்கும் உலகம் சுத்தும்; உருண்டது நின்றபின்னும் குழாய்க்குள் திரவம் ஓடிக்கொண்டிருப்பதால் வருவது அது. துகள் விழுந்தவருக்கோ தலையணையில் தலையைத் திருப்பினாலே போதும், அந்தத் திரவம் அசைந்துவிடும்.

பரிசோதனைக்கு மெஷின் தேவையில்லை. தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைப்போம். சில விநாடிகள் ஒன்றும் இராது. பிறகு கண்கள் மேல்நோக்கித் துடித்து, கீழிருக்கும் காதின் பக்கம் முறுகிச் சுழலும். நோயாளி கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் தானாக ஓயும். அதே கட்டிலில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை அந்தக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவரலாம். ஜோன் எப்ளி என்ற அமெரிக்க வைத்தியர் 1992இல் வெளியிட்ட முறை இது. அநேகமானோருக்கு ஒன்றிரண்டு தரத்திலேயே சுகம் வரும். குளிசை அந்தத் துகள்களைத் திருப்பி வைக்காது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டதும் இதுதான். யூடியூப் பார்த்து நீங்களாகச் செய்யவேண்டாம்: எந்தக் காது என்று தெரியவேண்டும், கழுத்தில் வருத்தம் இருந்தால் கவனம் வேண்டும்.

அடுத்தது பிரஷர். "சுத்துது, பிரஷர் ஏறிட்டுது" என்று பக்கத்து வீட்டு மெஷினில் பார்ப்பது. சத்தியும் பயமுமாக இருக்கும் ஆளுக்கு அந்த நேரம் அளவு ஏறித்தான் இருக்கும். தலைச்சுத்தால் ஏறிய பிரஷரை, பிரஷரால் வந்த தலைச்சுத்து என்று எண்ணிக் கணவரின் குளிசையில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து செய்யாதேங்கோ. பிரஷர் கூடினால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் அது ஆபத்தானது. எழும்பும்போது கண் இருட்டுபவருக்குப் பல தடவைகளில் பிரஷர் குறைவு, அதுவும் குளிசை கூடியதால். அதற்காக அதை நீங்களாக நிற்பாட்டவும் வேண்டாம். இருந்தும் நின்றும் அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ.

பொறுக்கக்கூடாதது ஒன்று இருக்கிறது. திடீரென்று தொடங்கி விடாமல் சுத்துகிறது, பிடிக்காமல் நிற்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, விழுங்கக் கஷ்டம், ஒரு பக்கம் விறைக்கிறது. இதில் ஏதாவது இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். தேசிக்காய்த் தண்ணி குடுத்துப் படுக்கவைத்து, விடியப் பார்ப்பம் என்று இருக்காதேங்கோ. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். உடனே 1990 அம்புலன்சுக்கு அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ. முகம் கோணவில்லை என்பதை நம்பி வீட்டில் வைத்திருந்தவர்களைக் கண்டிருக்கிறோம்.

சுத்து அடங்கும்வரை கிணற்றுக்கட்டுக்குப் போகவேண்டாம், ஏணியில் ஏறவேண்டாம், மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம். இராத்திரி எழும்பினால் கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்துவிட்டு, லைட்டைப் போட்டு நடவுங்கோ. கிளினிக்குக்கு வரும்போது சித்த மருந்து உட்பட எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டுவாங்கோ. பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: அம்மாவுக்குச் சுத்து வரும் நேரம் கண்ணைத் திறந்துவைக்கச் சொல்லி, கைபேசியில் கிட்டப் பிடித்து அந்தக் கண்களை வீடியோ எடுங்கோ. கிளினிக்குக்கு வரும்போது சுத்து நின்றிருந்தாலும் அந்த வீடியோவைப் பார்த்து எங்களால் பல விஷயங்களைச் சொல்லமுடியும்.