கபடி ஸ்கோரை டேபிளில் வைப்பது எப்படி?

குளச்சல் பக்கம் ஓர் ஊரில் கபடிப் போட்டி நடந்தால், அணியில் யார் யார் என்பதை நோட்டில் கமா போட்டு ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நோட்டுக்கு அது போதும். அதையே டேட்டாபேஸில் அணி டேபிளின் ஒரு கட்டத்துக்குள் "1,11,21" என்று அடைத்தால் வம்புதான். 1ஆம் எண் வீரரை 'லைக்' (எழுத்துத் துண்டைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடினால் 11, 21 இரண்டும் கூடவே வரும். இல்லாத வீரரின் எண்ணை எழுதினாலும் தடுக்க ஆளில்லை. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் தொடர்புசார் டேட்டாபேஸை (தகவலை டேபிள்களாக வைக்கும் முறையை) முன்வைத்த கட்டுரையிலேயே, கட்டத்துக்குள் பட்டியலை வைக்காமல் தனி டேபிளாகப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே வீரர், அணி, ஆட்டம் என மூன்று டேபிள். வீரரை அடையாளம் காட்ட எண்தான் வேண்டும், பெயர் போதாது. கோட்டாறு சவேரியார் கோயில் இருக்கும் மாவட்டத்தில் சேவியர்களுக்கா பஞ்சம்!

யார் எந்த அணி என்பதற்கு நான்காவது டேபிள்: வீரர் எண், அணி எண், ஆண்டு. ஆளுக்கு ஒரு வரி. போன வருஷம் முட்டத்துக்கு ஆடியவர் இந்த வருஷம் தேங்காய்ப்பட்டணத்துக்கு ஆடினாலும் பழைய கணக்கு கலையாது. வீரர் எண்ணையும் ஆண்டையும் சேர்த்துப் பிரைமரி கீ (இரண்டு வரிகளில் ஒரே மாதிரி வரக்கூடாத அடையாளம்) ஆக்கினால், ஒரே ஆண்டில் ஒருவரை இரண்டு அணியில் சேர்க்க முடியாது.

ஸ்கோர்தான் முக்கியமான இடம். வீரர் டேபிளில் 'மொத்தம்' என்று ஒரு நெடுவரிசை வைக்கவே கூடாது. 17ஆவது ரெய்டில் கொடுத்த போனஸை நடுவர் ரத்து செய்தால், மொத்தத்தைத் திருத்த யாராவது மறப்பார்கள். ஆட்டம், ரெய்டு எண், வகை, அணி, வீரர், புள்ளி என்று தனி டேபிளில் எழுதுங்கள். ரத்தானால் அந்த ஒரு வரி போகும். கூட்டல் தானே சரியாகிவிடும். முதல் மூன்றும் சேர்ந்து கீ ஆனால், பட்டன் இருமுறை அழுந்தினாலும் புள்ளி இரட்டிக்காது. எதிரணி முழுவதையும் அவுட் ஆக்கினால் கிடைக்கும் லோனாவின் 2 புள்ளி அணிக்குரியது, எந்த வீரருக்கும் சேராது. அதனால் வீரர் எண் காலியாக இருக்கலாம், அணி எண் இருந்தே ஆகவேண்டும்.

புள்ளியை எழுத்து வகையில் சேமித்தால் தரவரிசையில் 10க்கு மேலே 9 ஏறி உட்காரும். முழு எண் வகையே சரி. பட்டியல் எடுக்கும்போது இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் இணைப்பது) போட்டால் புள்ளியே எடுக்காதவர்கள் காணாமல் போவார்கள். வீரர் டேபிளிலிருந்து லெஃப்ட் ஜாயின் (முதல் டேபிளின் எல்லா வரியையும் வைத்துக்கொண்டு இணைப்பது) போடுங்கள்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: அதில் ஃபாரின் கீ சோதனை (எழுதும் எண் மற்ற டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்கவேண்டும்.