மும்முனையா, மூன்று கட்டமா?

மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனிகளில் "த்ரீ பேஸ் வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதையே செய்தித்தாள் 'மும்முனை மின்சாரம்' என்று எழுதுகிறது. மின் மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் பலர் மின்மாற்றிக் கணக்கில் தடுக்கி விழுவதற்கு இந்த 'முனை'யும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

'பேஸ்' என்பதன் வேர் கிரேக்கம். தோன்றுதல், வெளிப்படுதல் என்று பொருள். நிலவின் பிறைத் தோற்றங்களைக் குறித்த சொல், பின்னர் சுழன்று வரும் எதிலும் அது இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கலாயிற்று. அமாவாசை, பௌர்ணமி பார்த்து நீரோட்டம் சொல்லும் கடற்கரைக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் பள்ளிப் பாடநூல் 'கட்டம்' என்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கைப் பாடநூலில் 'அவத்தை'.

'முனை' மின்மாற்றியின் தலையில் தெரியும் மூன்று முனைகளை மட்டுமே காட்டுகிறது. மூன்று மின்னழுத்த அலைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை பிந்தி வருவதை அது சொல்வதில்லை. மின்மாற்றிக் கணக்கில் வரும் 1.732, அதாவது மூன்றின் வர்க்கமூலம், பிறப்பதோ அந்த இடைவெளியில்தான்.

தெருவில் நிற்கும் 100 கேவிஏ, அதாவது 1,00,000 வோல்ட்-ஆம்பியர் (விஏ) திறனுள்ள மின்மாற்றியையே எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட் பக்கம் டெல்டா (மூன்று சுருள்களும் முக்கோணமாக இணைந்தது), 433 வோல்ட் பக்கம் ஸ்டார் (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே புள்ளியில் சேர்ந்தது). 'மூன்று முனைதானே' என்று 433-ஐ 3 ஆல் பெருக்கி, 1,00,000-ஐ அதனால் வகுத்தால் 77 ஆம்பியர் வரும். தவறு. அதை நம்பிக் கேபிள் போட்டால் முழுச் சுமையில் சூடேறிக் கெட்டுப்போகும். 1,00,000 ÷ (1.732 × 433) = 133 ஆம்பியர், இதுதான் சரி. ஸ்டாரில் கம்பியில் ஓடுவதே சுருளிலும் ஓடும்.

உயர் அழுத்தப் பக்கம் 1,00,000 ÷ (1.732 × 11,000) = 5.25 ஆம்பியர். இது கம்பி மின்னோட்டம். டெல்டாவில் ஒவ்வொரு கம்பியும் இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் இணைவதால், சுருளில் ஓடுவது 5.25 ÷ 1.732 = 3.03 ஆம்பியர்தான். பாடநூலில் இதற்குக் 'கட்ட மின்னோட்டம்' என்று பெயர். 'சுருள் மின்னோட்டம்' என்று சொன்னால் இன்னும் சட்டென்று புரியும்.

மின்மாற்றி நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். அதன் முன்னால் மட்டும் 'மூன்று கட்ட' என்று எழுதிப் பழகுங்கள். அப்புறம் விடையைச் சரிபார்க்க 3 ஆல் தாராளமாக வகுக்கலாம்: ஒரு கட்டத்தின் பங்கு 33,333 விஏ, சுருளின் மேல் முழு 11,000 வோல்ட். வகுத்தால் அதே 3.03.