நிறைந்த குளம் வெள்ளத்தை எப்படித் தாங்குகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஐப்பசி மழையிலேயே குளம் நிறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் கார்த்திகை, மார்கழியில் அடித்துப் பெய்தால் நிறைந்த குளத்தால் ஊருக்கு என்ன பிரயோசனம்? தூர்வாரி இன்னும் பத்தடி ஆழப்படுத்தினால்தானே வெள்ளம் நிற்கும்?”

2023 டிசம்பர் 17, 18-க்குப் பிறகு இந்தக் கேள்வி எழாத தெரு திருநெல்வேலியில் இருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. நெல்லை சந்திப்பிலும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகப் பகுதியிலும் தண்ணீர் நின்றது. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நமக்குப் பழக்கம். பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்பது பழக்கமில்லை. அன்றிலிருந்து எந்த மனுவை எடுத்தாலும் ‘குளங்களைத் தூர்வார வேண்டும்’ என்ற வரி இருக்கிறது. வாசகரின் சந்தேகம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் தீர்வு, அவர் பயப்படுகிற அந்த நாளில் வேலை செய்யாது.

நம் குளங்களுக்குத் தண்ணீர் வந்து போகும் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிந்து டவுன் பக்கம் வந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் தருகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. குளம் நிறைந்தால் மறுகால், அதாவது உபரித் தண்ணீர் வழிந்தோடக் கட்டிய கல்கட்டு, பாயும்; அந்தத் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். இதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். மறுகாலில் நடக்கும் கணக்கை மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

மழைக்காலத்தில் ஏதாவது ஒரு குளத்தின் மறுகாலில் போய் நின்று பாருங்கள். கீழே பையன்கள் துண்டை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே, கல்கட்டின் விளிம்பில், தண்ணீர் ஒரே சீராக வளைந்து விழும். அந்த விளிம்புக்கு மேலே தண்ணீர் எத்தனை கனத்தில், அதாவது எவ்வளவு உயரத்துக்கு, நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கனம் இரண்டு மடங்கானால் வெளியேறும் தண்ணீரும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். அப்படி இல்லை. தண்ணீர் போகும் வாசல் இரண்டு மடங்காகிறது, சரி. கூடவே மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தால் வேகமும் 1.4 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 2.8 மடங்கு. பொறியாளர்கள் ‘உயரத்தின் ஒன்றரை அடுக்கு’ என்று சொல்வது இதைத்தான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் சுவாரசியம். கனம் அதிகமானால் வாரி இறைக்கும் மறுகால், கனம் குறைவாக இருக்கும்போது மகா கஞ்சன். கணக்குக்காக 125 ஏக்கர் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மறுகாலின் நீளம் 65 அடி. குளம் விளிம்பு வரை நிறைந்து நிற்கிறது. இன்னும் ஒரு சொட்டுக்கு இடமில்லை என்று நாம் நினைக்கிற நிலை. அப்போது மேலேயிருந்து வினாடிக்கு 700 கன அடி வெள்ளம் வந்து சேர்கிறது. முதல் ஓர் அங்குலம் ஏற ஏறத்தாழப் பதினோரு நிமிடம் ஆகிறது. அந்த ஓர் அங்குலத்துக்குள் குளம் பிடித்து வைத்துக்கொண்டது 1 கோடியே 28 லட்சம் லிட்டர். அந்நேரம் மறுகாலில் போவது வினாடிக்கு வெறும் 5 கன அடி. உள்ளே 700, வெளியே 5!

ஆறு அங்குலம் ஏறும்போது வெளியேறுவது 70 கன அடியைத் தொடுகிறது. ஓர் அடி ஏறும்போது 200. வெள்ளம் மூன்று மணி நேரம் அதே வேகத்தில் வந்து நின்றுபோகிறது என்று வைத்துக்கொண்டால், குளத்து மட்டம் மறுகாலுக்கு மேல் ஒன்றேகால் அடிக்கும் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். வெளியேற்றத்தின் உச்சம் 260 கன அடி. ஊருக்குள் 700 வந்திருக்க வேண்டிய இடத்தில் 260 வருகிறது. மிச்சத்தைக் குளம் மழை விட்ட பிறகு, அரை நாளுக்கும் மேலாக, நிதானமாக விட்டுக்கொண்டிருக்கும். ‘நிறைந்த’ குளம் செய்கிற வேலை இது.

இப்போது அதே குளத்தைப் பத்தடி ஆழப்படுத்துங்கள். மழைக்கு முன்பு குளம் வற்றிக் கிடந்தால் அந்தப் பள்ளம் தண்ணீர் வாங்கும். கோடைக்கு உதவும், கிணறுகளுக்கு உதவும். ஆனால் ஐப்பசியிலேயே நிறைந்துவிட்டது என்றுதானே வாசகர் சொல்கிறார்? நிறைந்துவிட்டால் மறுகால் மட்டத்துக்குக் கீழே பத்தடி இருந்தால் என்ன, நூறடி இருந்தால் என்ன? மேலே சொன்ன கணக்கில் ஆழம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? மறுகாலின் நீளத்தை விட்டால், வந்தது குளத்தின் பரப்பு ஒன்றுதான்.

அந்தப் பரப்பைப் பாதியாக்கிப் பார்ப்போம். மண் கொட்டியோ, கட்டடம் கட்டியோ, கரையை உள்ளே தள்ளி நடைபாதை போட்டோ, 125 ஏக்கர் 62 ஏக்கராகிவிட்டது. அதே மறுகால், அதே வெள்ளம். இப்போது மட்டம் ஒன்றேமுக்கால் அடியைத் தாண்டி ஏறும். வெளியேற்றம் 500 கன அடிக்குப் போய்விடும். ஊருக்குள் வரும் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரைக்கும் ஆபத்து. 2023-இல் பார்த்த மாதிரி மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கரைக்கு மேல் ஏறி உடைப்பு விழுந்தால், அதுவரை பிடித்து வைத்திருந்ததை எல்லாம் குளம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். கீழே உள்ள குளமும் சேர்ந்து உடையும்.

ஆக, வெள்ளம் ஏறி உட்காரும் இடம் குளத்தின் நடு ஆழம் இல்லை. அதன் உள்வாய். கோடையில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடும், ‘சும்மாதானே கிடக்கு’ என்று எல்லோர் கண்ணையும் உறுத்தும் அந்த மேட்டு ஓரம். முதலில் பறிபோவதும் அதுதான்.

உள்வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. முழங்கால், இடுப்பு ஆழத் தண்ணீரில்தான் சம்பு என்ற உயரமான கோரை போன்ற செடி வளரும். அதன் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் ஆக்சிஜனை வேர்வரை இறக்குகின்றன. வேரை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் ஆக்சிஜன் உண்டு. அங்குள்ள பாக்டீரியாக்கள் சாக்கடையின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அதைத் தாண்டினால் ஆக்சிஜனே இல்லாத கறுப்புச் சேறு. அங்கே வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் தூரம். இதற்காக ஊர்ச் சாக்கடை மொத்தத்தையும் குளத்தில் திருப்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. அவ்வளவைச் சம்பு தாங்காது. முதல் மழை சாலையிலிருந்து கழுவிக் கொண்டுவரும் அழுக்கைத் தாங்கும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி ஆழமாக்கினால் இந்த வசதியும் போய்விடும். பதிலுக்கு அமலைச்செடிதான் (ஆகாயத்தாமரை) மண்டும். அமலை மிதக்கிற செடி, அதற்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளத்தில் அது பாய் பாயாகப் பிய்ந்து வந்து மறுகால் கற்களில் அடைத்துக்கொள்ளும்போது மறுகாலின் உயரமே கூடிப்போகிறது.

செடி என்றதும் சீமைக்கருவேலம் நினைவுக்கு வருகிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வேரால் தண்ணீரை எடுத்து இலை வழியாக ஆவியாக விடுகிற மரம், மற்ற மரங்களைப் போலவே. உள்வாயிலும் ஓடையிலும் மண்டி, ஓட்டத்தைத் தடுத்து, வண்டலைத் தேக்கி இடத்தை மேடாக்குகிறது என்பது நிஜமான குற்றச்சாட்டு. பிடுங்குவோம். காரணத்தைச் சரியாகச் சொல்லிப் பிடுங்குவோமே!

இனி அலுவலகங்களுக்கு வருவோம். ஒரு குளத்தின் கரை, மடை, மறுகால் எல்லாம் நீர்வளத் துறையிடம். உள்வாயின் எல்லை வருவாய்த் துறைப் பதிவேட்டில். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மறுகால் ஓடை சாலையைக் கடக்கும் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு. தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வேக்கு. தண்ணீரின் தரத்தைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கூட்டம் போட்டால் எல்லோரும் வருவார்கள், டீயும் பஜ்ஜியும் வரும். ஆனால் இவர்கள் ஒத்துழைக்க வேண்டிய முதல் விஷயம் ரொம்பச் சின்னது: ஒரே இடத்திலிருந்து மட்டம் அளப்பது.

ஏன் என்றால், நாம் பார்த்த மொத்த விளையாட்டும் ஒன்றேகால் அடிக்குள் நடக்கிறது. மறுகாலுக்குக் கீழே உள்ள சிறுபாலம் குறுகலாகவோ மேடாகவோ இருந்தால், தண்ணீர் எதிர்த்து ஏறி மறுகால் விளிம்பையே மூழ்கடிக்கும். மூழ்கிய மறுகாலில் தண்ணீர் தடையில்லாமல் விழ முடியாது. அதே 260 கன அடியை வெளியேற்றக் குளம் இன்னும் உயரம் ஏற வேண்டும். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் பழையதன் மேலேயே போட்டு நாலு அங்குலம் உயர்த்துகிறோம், பக்கத்து வடிகாலையும் சேர்த்து. நாலு அங்குலம் என்பது நம் குளத்தின் கணக்கில் கால் பங்குக்கும் மேல். ஒவ்வோர் அலுவலகமும் தன் வரைபடத்தில் தனக்குத் தோதான தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்து வைத்திருந்தால், குளத்தின் மறுகால் உயரமா வடிகாலின் வாய் உயரமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்து மறுகால், மடை, சிறுபாலம், வடிகால் வாய் எல்லாவற்றுக்கும் ஒரே மட்ட அளவெடுப்பு நடத்தி, ஒரே தாளில் எழுதி, எல்லா அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஓர் அளவெடுப்புக் குழுவுக்குச் சில வார வேலை. கல்லூரிச் சிவில் மாணவர்களைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

குளத்தங்கரைக்கு வண்ண விளக்கும், செல்ஃபி எடுக்கும் எழுத்துப் பலகையும் வைக்கக் கிடைக்கிற பணம் இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். அளவெடுப்புக்குத் திறப்பு விழா கிடையாது. மறுகாலில் அடிக்கணக்கு எழுதிய ஓர் அளவுகோல் நட்டு, தினமும் ஒரு ஆள் பார்த்து எழுதி வைத்தால் பத்து வருடத்தில் அது எந்த ஆராய்ச்சிக்கும் தங்கம். அந்த ஆளின் சம்பளத்தைத்தான் யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை.

மட்டம் தெரிந்துவிட்டால் அடுத்தது, அதைக் கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில் என்ற பிரச்சினை. குளத்தை நம்பிப் பிசானப் பருவ நெல் நட்டிருக்கும் விவசாயி மறுகாலில் மணல் மூட்டை அடுக்கி அரையடி கூடுதலாகத் தேக்கப் பார்ப்பார். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். ஊர்க்காரருக்கு அந்த அரையடி காலியாக இருந்தால் நல்லது. நம் 125 ஏக்கர் குளத்தில் அரையடி என்பது 7 கோடியே 70 லட்சம் லிட்டர். 25 கன அடி விடும் மடை ஒன்றைத் திறந்தால் அதை இறக்க ஒன்றேகால் நாள் ஆகும். ஆகவே வானிலை மையம் எச்சரித்த அன்றே முடிவெடுக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு திறந்து பயனில்லை. எச்சரித்தபடி மழை வராமல் போனால்? நயினார்குளம் மாதிரிக் கால்வாய்ப் பாசனக் குளம் என்றால் வழி இருக்கிறது: இழந்த அரையடியை அணைத் தண்ணீரிலிருந்து திருப்பித் தருவதாக நீர்வளத் துறை புரட்டாசியிலேயே விவசாயிகள் சங்கத்துக்கு எழுதித் தரலாம், மாநகராட்சி சாட்சிக் கையெழுத்துப் போடலாம். மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் குளங்களுக்கு அப்படித் திருப்பித் தர ஆறு கிடையாது. அங்கே மடையைத் திறக்கச் சொல்வதானால், விளைச்சல் குறைந்தால் ஈடு கட்டப் பணத்தை ஊர் முதலிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.